கடந்த வாரம் நீங்கள் ரசித்த இசை, டிவி நிகழ்ச்சி, விளையாட்டு, புத்தகம், சாப்பாடு என்னென்ன?

கேள்வியில் ஐந்து விஷயம் இருக்கிறது. எனக்கு இந்த வாரம் ஐந்தும் ஒன்றைத் தொட்டு ஒன்றாக வந்தன. அதிலும் பெரும்பாலும் எங்கள் பக்கத்துச் சரக்கு. நான் இருப்பது கோவில்பட்டி.

தொடங்கி வைத்தது அடுத்த தெருக் கல்யாண மண்டபம். விடிவதற்கு முன்பே ஸ்பீக்கரில் 'சிங்கார வேலனே தேவா' போட்டுவிட்டார்கள். வேறு பாட்டாக இருந்தால் ஜன்னலைச் சாத்தியிருப்பேன். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படப் பாட்டு, எஸ். எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம், பாடியது எஸ். ஜானகி. திரையில் ஜெமினி கணேசன் நாயனம் (நாதஸ்வரம்) பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உண்மையில் வாசித்தது காருகுறிச்சி அருணாசலம்.

சொற்கள் ஓய்ந்து வெறும் ஸ்வரமாகப் போகும் பகுதிதான் என் இடம். ஜானகி ஒரு பிடி பாடுகிறார், நாயனம் அதை வாங்கி வாசிக்கிறது, அடுத்த பிடி இன்னும் கொஞ்சம் நீளம். நாயனம் கோயில் பிரகாரத்துக்கும் தேரோடும் வீதிக்கும் என்று பிறந்த வாத்தியம், சத்தம் அதிகம். அதை ஒரு மெல்லிய குரலுக்குச் சமமாக இறக்கி, ஆனால் கம்பீரம் குறையாமல் வாசிக்க வேண்டும் என்றால் மூச்சு மட்டும் போதாது; சீவாளியை (நாயனத்தின் நுனியில் செருகி ஊதும் நாணல் துண்டு) உதடு எவ்வளவு அழுத்துகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம். மேடையில் ஒலிக்க வேண்டிய ஆள் சினிமாவுக்காகத் தன்னைச் சுருக்கிக்கொண்ட மாதிரி எங்கேயும் தெரியவில்லை.

அவர் சேரன்மகாதேவி பக்கத்திலிருக்கும் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்தவர், 1964-இல் போய்விட்டார். குடியிருந்தது எங்கள் கோவில்பட்டியில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். அன்றைக்கு ஆரம்பித்து வாரம் முழுக்க யூடியூபில் குருவையும் சிஷ்யரையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். தோடி ராகம் என்றால் ராஜரத்தினம் பிள்ளைதான் என்பார்கள். மறுக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அந்தத் தோடியைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்க முடியவில்லை, கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. சமையலறைக்கு எனக்குச் சிஷ்யர்தான் சரி.

அப்புறம் புத்தகம். காருகுறிச்சியாரைப் பற்றி எங்கள் ஊரில் பேச்செடுத்தால் எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்துவிடுவார்கள். இருவருக்கும் ஊர் ஒன்றே, இடைசெவல். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினால் கயத்தாறுக்கு முன்னால் வரும். ஒரு சின்னக் கரிசல் கிராமம், ஏறக்குறைய ஒரே வயதுடைய இரண்டு நண்பர்கள், இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது! இருவருக்குமே எழுத்துக்கு இணையாகச் சங்கீதப் பைத்தியமும் இருந்தது. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அதைத்தான் அலமாரியில் தேடினேன், யாரோ வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. கைக்குக் கிடைத்தது அழகிரிசாமியின் கதைத் தொகுப்பு. சரி என்று அதில் உட்கார்ந்துவிட்டேன்.

'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் பள்ளிக்கூடக் காலத்தில் படித்தபோது ஏழைகள்மேல் பரிதாபப்பட வைக்கும் கதை என்றுதான் மனசில் பதிந்திருந்தது. இப்போது படித்தால் பரிதாபத்தைவிடக் குழந்தைகளின் போட்டிதான் முன்னால் நிற்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு ஏழை வீட்டுக்கு ஆதரவில்லாத சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான், பெயர் ராஜா. அந்த வீட்டுத் தாய் அவனையும் சேர்த்துக் குளிப்பாட்டி, தன் புருஷனுக்கு என்று வைத்திருந்த துண்டைக் கட்டிவிடுகிறாள். பக்கத்துப் பணக்கார வீட்டுக்கோ மாப்பிள்ளையாக ஜமீன் ராஜாவே வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பையனிடம் இந்த வீட்டுச் சின்னப் பெண், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்று சொல்வதில் கதை முடிகிறது. அவள் தத்துவம் எதுவும் பேசவில்லை, போட்டியில் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாள், அவ்வளவுதான். ஆசிரியர் குறுக்கே வந்து விளக்காமல் இருந்தாரே, அதற்காகவே மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

சாப்பாடு என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சொதிதான், தேங்காய்ப்பாலில் செய்யும் குழம்பு. என் அத்தை (கணவரின் அம்மா) திருநெல்வேலிக்காரர். அங்கே கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து வைப்பது பழைய வழக்கம். மற்றபடி கடையில் 'சொதி' என்று தருவதைப் பற்றிப் பேச வேண்டாம், பெரும்பாலும் தேங்காய்ப்பால் ஊற்றிய காய்கறிக் குருமா.

அத்தை செய்யும் விதம் இது. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். கெட்டியான முதல் பாலைத் தனியே மூடி வைத்துவிடுவார். முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் எல்லாம் தண்ணீராக இருக்கும் மூன்றாம் பாலில் வேகும். வெந்ததும் இரண்டாம் பாலும் வேகவைத்த பாசிப்பருப்பும் சேரும். முதல் பால் கடைசியில்தான். ஊற்றி ஓரம் நுரை கட்டும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு இறக்கி வைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் இரண்டும் அத்தையின் சொதிக்குள் வரக்கூடாது. இத்தனை தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தமாக நிற்கும் என்று தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், கூடவே உருளைக்கிழங்கு சிப்ஸ். இந்த வாரத் துவையலில் புளி ஒரு சுற்றுக் கூடுதல், எனக்கு அதுவும் பிடித்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் படுத்துவிட்டார்கள். சாயங்காலக் காபிக்கு எங்கள் ஊர்க் கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பார்சல் கட்டும் வேலை என் தலையில்.

டிவியைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் ராத்திரி நேரம் அத்தையின் சீரியல்களுக்கு. மற்ற நேரத்தில் அப்பா வந்தால் ஹாக்கி. கோவில்பட்டி ஹாக்கி ஊர் என்பது வெளியே பலருக்குத் தெரியாது, இங்கே தெருவில் சின்னப் பையன்கள் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். இந்த முறை அப்பா கேட்டது, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுடன் நடந்த வெண்கலப் பதக்க ஆட்டம். முடிவு தெரிந்த ஆட்டத்தை எதற்குப் பார்ப்பது என்று கணவர் எழுந்து போய்விட்டார். முதல் கோல் ஸ்பெயினுக்கு, பெனால்டி ஸ்ட்ரோக்கில். அப்புறம் ஹர்மன்பிரீத் சிங் இரண்டு பெனால்டி கார்னர்களைக் கோலாக்கி 2–1. கோல் கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம். அப்பாவுக்குக் கோல்கள் முக்கியமில்லை. கடைசி நிமிடங்களில் ஸ்பெயினுக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கும்போது ஸ்ரீஜேஷ் எங்கே நிற்கிறார், பந்து வருவதற்கு முன்பே எந்தக் காலில் எடை போடுகிறார் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார். நேரலையில் பார்த்த அன்று நான் பதற்றத்தில் பந்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. முடிவு தெரிந்து பார்ப்பதில் இந்த வசதி இருக்கிறது.

விளையாட்டு: ஆடுபுலி ஆட்டம். மொபைலில் இல்லை, திண்ணையில் சாக்பீஸால் கோடு போட்டு அக்கா மகளோடு. இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிக்குப் புளியங்கொட்டை, ஆட்டுக்குச் சோளம். எல்லாக் குழந்தைகளையும் போல அவளும் புலிதான் வேண்டும் என்பாள், வெட்டுகிற சந்தோஷம் அங்கேதானே. ஆனால் மூளைக்கு வேலை ஆட்டுக்காரருக்கு. பதினைந்தையும் இறக்கி முடிக்கும்வரை ஏற்கெனவே வைத்த ஆட்டை நகர்த்த முடியாது. புலியோ அதற்குள் சுற்றிச் சுற்றி வரும். அதனால் தாண்ட இடமில்லாத ஓரங்களிலிருந்து வைத்துக்கொண்டு வருவேன், ஒவ்வொரு ஆட்டுக்கும் பின்னால் காலிப் புள்ளி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலைந்து ஆடு வெட்டுப்பட்டால் புலியை அடைக்க ஆள் பத்தாது.

சனிக்கிழமை மூன்று புலியையும் அடைத்துவிட்டேன். அவள் ஒரு நிமிடம் கட்டத்தையே பார்த்துவிட்டு, "சித்தி, இனிமே எனக்கு ஆடு குடுங்க" என்றாள்.