சிறிய மோட்டார்ஹோமில் தொலைக்காட்சியை மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களுடையது இருவர் தங்கக்கூடிய பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதி செய்த வண்டி. அலமாரிக்குள் பொருத்தியிருக்கும் 15 அங்குலத் தொலைக்காட்சி மங்கிவிட்டது. அதற்குப் பதிலாக வீட்டில் வைப்பது போன்ற 32 அங்குலத் தொலைக்காட்சியை வாங்கி இன்வெர்ட்டர் மூலம் இயக்கலாமா? அல்லது 12 வோல்ட்டில் இயங்குவதைத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: அளவைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் பேட்டரியைக் கவனித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தை வீட்டு மின்சாரத்தின் அளவுக்கு உயர்த்துகிறது. தொலைக்காட்சிக்குள் இருக்கும் பகுதி அதை மறுபடியும் குறைந்த வோல்ட்டுக்கு இறக்கிக்கொள்கிறது. இப்படி ஏற்றி இறக்கும்போது இன்வெர்ட்டரில் மட்டுமே சுமார் 10 முதல் 15 சதவீதம் வெப்பமாக வீணாகிறது. அதுபோக, எதுவும் ஓடாத நேரத்திலும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி சுமார் 30 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் அது 2.5 ஆம்பியர், நாளுக்கு 4 மணி நேரம் பார்த்தால் 10 ஆம்பியர்-மணி (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய, பேட்டரிச் செலவின் அளவு) செலவாகும். 32 அங்குலத் தொலைக்காட்சிக்கு 50 வாட் என்றால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து அதே 4 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 20 ஆம்பியர்-மணி ஆகிவிடும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில், அதன் ஆயுள் கெடாமல் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால், விளக்கு, தண்ணீர் பம்பு, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் கையில் இருப்பதே 50 ஆம்பியர்-மணிதான். வெளி மின் இணைப்பு இல்லாத இடங்களில் தங்குவது உங்கள் வழக்கம் என்றால், நேரடியாக 12 வோல்ட்டில் இயங்கும் 22 அல்லது 24 அங்குலத் தொலைக்காட்சியே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பெட்டியின் மேல் 12 வோல்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது. வண்டியின் பேட்டரி என்றைக்கும் சரியாக 12 வோல்ட்டில் நிற்பதில்லை. முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.7, எஞ்சின் ஓடும்போதோ சார்ஜர் இயங்கும்போதோ 14.4 வரை, தீர்ந்துவரும்போது 12-க்கும் கீழே என்று அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கென்று தயாரித்து, 12 வோல்ட் அடாப்டருடன் விற்கும் தொலைக்காட்சிகளில் பல, அந்த அடாப்டர் தரும் நிலையான மின்னழுத்தத்தை மட்டுமே எதிர்பார்ப்பவை. மின் விவரச் சீட்டில் 10 முதல் 16 வோல்ட் வரை என்பது போன்ற வரம்பு குறிப்பிட்டிருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் இடையில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு கன்வெர்ட்டரை (மின்னழுத்தத்தை மாற்றித் தரும் கருவி) இணைத்துவிடுங்கள். அடாப்டரில் 19 வோல்ட் என்று இருந்தால், அதற்கேற்ப உயர்த்தித் தரும் கன்வெர்ட்டர் தேவைப்படும்.

ஒயரின் தடிமனையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து தொலைக்காட்சி 5 மீட்டர் தள்ளி இருந்தால், மின்சாரம் போய்த் திரும்பும் தூரம் 10 மீட்டர். அதில் 3 ஆம்பியர் ஓடும்போது 0.75 சதுர மி.மீ. ஒயரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் குறைந்துவிடும், 2.5 சதுர மி.மீ. ஒயரில் 0.2 வோல்ட்தான் குறையும். மாலையில் நன்றாக ஓடிய தொலைக்காட்சி இரவு 10 மணிக்குத் தானாக அணைந்து அணைந்து எரிகிறதென்றால், தொலைக்காட்சியைக் குறை சொல்வதற்கு முன் ஒயரைப் பாருங்கள். பேட்டரிக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போடுவதும் கட்டாயம்.

இனி அளவு. உங்கள் பழைய 15 அங்குலத் திரை சதுரத்தை ஒட்டிய 4:3 வடிவத்தில் இருந்தால், அதன் உயரம் சுமார் 23 செ.மீ. இன்றைய அகலத்திரையில் 18.5 அங்குலத்துக்கும் அதே உயரம்தான்; அகலம் மட்டும் 30-லிருந்து 41 செ.மீ. ஆகிறது. 24 அங்குலத் திரை 53 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும், 32 அங்குலத் திரை 71 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்டவை; சட்டம் இதற்கு மேல். வாங்குவதற்கு முன் அந்த அளவில் ஓர் அட்டையை வெட்டி, பொருத்த நினைக்கும் இடத்தில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் வண்டிக்குள் புழங்கிப் பாருங்கள். அலமாரிக் கதவு இடிக்கிறதா, படுக்கையை விரிக்கும்போது முழங்கை படுகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: படுத்தபடி பார்த்தால் திரை கறுத்துத் தெரிகிறது. ஃபுல் எச்.டி. திரைக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. ஃபுல் எச்.டி. என்பது திரையில் எத்தனை புள்ளிகள் என்பதைத்தான் சொல்கிறது; கறுத்துத் தெரிவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கறுப்பதும் கறுக்காததும் திரையின் வகையைப் பொறுத்தது. டி.என். வகைத் திரைகளைக் கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு, நிறம் மாறித் தெரியும். சிறிய வண்டியில் நாம் பெரும்பாலும் படுத்துக்கொண்டோ, பக்கவாட்டில் சாய்ந்தோதான் பார்க்கிறோம் என்பதால், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரையைக் கேட்டு வாங்குங்கள். கடையில் எல்லாத் தொலைக்காட்சிகளும் கண் மட்டத்தில் இருக்கும். கூச்சப்படாமல் குனிந்து, கீழிருந்து அண்ணாந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தெளிவைப் பொறுத்தவரை, 24 அங்குலத்தில் எச்.டி. ரெடி (ஃபுல் எச்.டி.யைவிடக் குறைவான புள்ளிகள் கொண்டது) திரையின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.39 மி.மீ. அளவுடையது. ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து சாதாரணக் கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய 0.44 மி.மீ.தான் என்பதால், அவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் ஃபுல் எச்.டி.யால் பெரிய பயன் இல்லை. ஒரு மீட்டருக்குள் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அதன் தெளிவு கண்கூடாகத் தெரியும்.

கேள்வி: தொலைக்காட்சியை மாட்டும், மடக்கிவிடக்கூடிய கைத்தாங்கியை வண்டியின் மெல்லிய சுவரில் திருகினால் நிற்குமா?

பதில்: வெறும் பிளைவுட்டில் திருகினால் நிற்காது. நானே ஒருமுறை 3 மி.மீ. பிளைவுட்டில் நான்கு திருகாணிகளை மட்டும் நம்பித் தாங்கியைப் பொருத்தினேன். கரடுமுரடான சாலையில் ஒரு பகல் ஓடிய பிறகு பார்த்தபோது, கீழே இருந்த மெத்தையில் மரத்தூள் மாவு போலச் சிதறிக் கிடந்தது. மேல் திருகாணிகள் இரண்டும் பாதி வெளியே வந்து நின்றன. தொலைக்காட்சியின் எடை 3 அல்லது 4 கிலோதான் என்றாலும், நீட்டிய கையின் நுனியில் அது குலுங்கும்போது சுவரில் விழும் இழுவை பல மடங்காகிறது. வண்டியின் உள்சட்டகம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அதில் திருகுங்கள். அது வாய்க்காவிட்டால் சுவரின் மறுபுறத்தில், அலமாரிக்குள், 12 மி.மீ. தடிமனுள்ள பலகை ஒன்றை வைத்து, போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள். ஓடும்போது அசையாதபடி பூட்டிவைக்கும் வசதி தாங்கியில் இருக்க வேண்டும். தொலைக்காட்சியின் பின்புறத் துளைகள் 75 மி.மீ. இடைவெளியில் உள்ளனவா, 100 மி.மீ. இடைவெளியில் உள்ளனவா என்பதையும் முன்பே அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்டெனா வேண்டுமா, இணையமே போதுமா?

பதில்: எச்.டி. படக்காட்சியை இணையத்தில் பார்த்தால் மணிக்கு 3 ஜி.பி. வரை தரவு செலவாகலாம். கைபேசிச் சமிக்ஞையும் எல்லா இடத்திலும் கிடைக்காது. புறப்படுவதற்கு முன் வேண்டியவற்றைப் பதிவிறக்கி எடுத்துச் செல்வதும், கூரையில் ஒரு சிறிய ஆன்டெனாவை விட்டுவைப்பதும் நல்லது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பைப் பிடிக்கும் பகுதியான ட்யூனர் நீங்கள் பயணம் செய்யும் நாட்டின் ஒளிபரப்பு முறைக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணைய வசதியுள்ள தொலைக்காட்சி என்றால், விரைவாகத் திறக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, மின்சாரத்தையே துண்டிக்கும் ஒரு சுவிட்சையும் அருகில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரிமோட்டில் அணைத்த பிறகும் தொலைக்காட்சி பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருக்கும்.