பீரோவில் தூங்கும் அடமானப் பத்திரம்

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில் வசிக்கிறேன். தங்கையின் கணவர் வீடு வாங்க 2,00,000 டாலர் கொடுத்தேன். வங்கிக் கடன் எதுவும் இல்லை. புரோநோட்டும் அடமானப் பத்திரமும் நோட்டரி முன்னால் கையெழுத்தாகி இரண்டு வருடமாக என் பீரோவில் இருக்கின்றன. எங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கூடுதல் அடமானப் பதிவு வரி சீக்கிரமே காலாவதியாகும் என்றார்கள், அதனால் பதிவு செய்யாமல் காத்திருந்தேன். இப்போது அதை நீட்டித்துவிட்டார்கள். நான் கையெழுத்து வாங்கிய பிறகு வந்த நீட்டிப்பு என்னைக் கட்டுப்படுத்துமா? வழக்குப் போடலாமா? நான்கு மாதமாக அவர் தவணையும் கட்டவில்லை. தங்கை போனையே எடுப்பதில்லை.

பதில்: கடிதம் ஆறு பக்கம். அதில் நான்கு பக்கம் தங்கை, ஒன்றரைப் பக்கம் கவுண்டிக்காரர்களின் வாக்குத் தவறல். சட்டத்துக்கு வேண்டியது அரைப் பக்கம்தான்: உங்கள் அடமானம் இன்னும் பதிவாகவில்லை.

வரியை முடித்துவிடுவோம். அது கையெழுத்துப் போட்டதற்கான வரி அல்ல, பதிவு செய்வதற்கான வரி. பதிவு செய்யும் இடமான கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பத்திரத்தை நீட்டும் நாளில் என்ன விகிதமோ அதுதான். மாநிலத்தின் அடிப்படை வரி நூறு டாலருக்கு 50 சென்ட். அதற்கு மேல் வேறு அடுக்குகள் உண்டு, கவுண்டியின் கூடுதல் வரி அவற்றில் ஒன்று. மாநில சட்டமன்றம் கெடு வைத்து அனுமதி தரும், கெடு நெருங்கினால் நீட்டிக்கும். யாங்கர்ஸ் நகரத்தின் தனி வரியும் இப்படித்தான் தவணை தவணையாக ஓடிக்கொண்டிருக்கிறது. 'தற்காலிகம்' என்று சொன்னதை நம்பினேன் என்பது வழக்குக் காரணம் ஆகாது. நீங்கள் எழுதியபடி கவுண்டியின் பங்கு நூற்றுக்கு 25 சென்ட், அதாவது 2 லட்சத்துக்கு 500 டாலர். இதற்காக வழக்கு நடத்த என்னைக் கேட்டாலே அதைவிட அதிகம் ஆகும்.

இப்போது நிஜமான ஆபத்து. சென்னை போன்ற ஊர்களில் கடனுக்குப் பிணையாக மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டாலே அடமானம் ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் நம்மவர்கள் பீரோவைப் பெரிதாக நம்புகிறார்கள். நியூயார்க்கில் பீரோவுக்கு மதிப்பில்லை. சொத்துச் சட்டத்தின் 291-ஆம் பிரிவுப்படி, உங்கள் அடமானத்தைப் பற்றித் தெரியாமல் பணம் கொடுத்து, உங்களுக்கு முன்னால் பதிவு செய்துவிடுகிறவர் உங்களை முந்திவிடுவார். பதிவேட்டில் அந்த வீடு கடனே இல்லாத வீடு. எந்த வங்கியும் சந்தோஷமாக அதன் மேல் கடன் கொடுக்கும். தவணை கட்ட முடியாதவர் வேறு எங்காவது பணம் தேடத்தானே செய்வார்? விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எழுதுவார் என்று நினைக்கிறீர்களா?

நான் அதிகம் பார்த்தது இன்னொரு குழி. கட்சிக்காரர் விழித்துக்கொண்டு அவசரமாகப் பதிவு செய்வார், ஆறு மாதத்தில் கடன் வாங்கியவர் திவால் மனுப் போடுவார். கையெழுத்தாகி 30 நாளுக்குள் பதிவாகவில்லை என்றால், திவால் சட்டம் பதிவான நாளில்தான் அடமானம் கொடுக்கப்பட்டதாகக் கணக்கிடும். பழைய கடனுக்குப் புதிதாகப் பிணை கொடுத்தது போல ஆகிவிடும். அந்நியருக்கு அப்படிக் கொடுத்திருந்தால் மனுப் போட்ட நாளிலிருந்து 90 நாள் பின்னோக்கிப் பார்ப்பார்கள். உறவினர் என்றால் ஒரு வருடம். மனைவியின் அண்ணன் உறவினர்தான். அன்றைக்கே அவர் கடனில் மூழ்கியிருந்தார் என்று காட்டினால், திவால் வழக்கில் எல்லாக் கடன் கொடுத்தவர்களுக்காகவும் சொத்தைக் கவனிக்கும் அறங்காவலர் உங்கள் அடமானத்தை ரத்து செய்யவைக்கலாம். பதிவே செய்யாமல் விட்டால் இன்னும் மோசம், அதை ரத்து செய்யவைக்க அவருக்கு ஒரு வருடக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. ஆக, அந்த ஒரு வருடக் கடிகாரம் நாளைக்கு ஓட ஆரம்பிப்பதா, அடுத்த வருடம் ஆரம்பிப்பதா என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

வரியைக் குறைக்கப் பத்திரத்தில் 1 லட்சம் என்று திருத்தி எழுதும் யோசனையை விடுங்கள். எழுதிய தொகைக்குத்தான் வீடு பிணை. வரியே கட்டாமல் ஃபோர்குளோஷர் (அடமான வீட்டை விற்றுக் கடனை வசூலிக்கும்) வழக்குக்குப் போகலாம் என்று நண்பர் சொன்னாராம். வரி செலுத்தாத அடமானத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது, தீர்ப்பும் தராது. வரிச் சட்டம் 258-ஆம் பிரிவு. புரோநோட்டை மட்டும் வைத்து வழக்குப் போடலாம்தான். ஆனால் அப்போது பிணை இல்லாமல் கடன் கொடுத்த கிரெடிட் கார்டுக் கம்பெனிகளோடு நீங்களும் வரிசையில் நிற்பீர்கள்.

செய்ய வேண்டியது: நாளை காலை அந்த வீட்டின் பெயரில் வேறு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அன்றே வரியைக் கட்டிப் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மறுபடி அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேட்கவும் கேட்காதீர்கள். பதிவான பிறகு பேசுங்கள். தவணையைக் குறைத்துக் கொடுங்கள், நான்கு மாத வட்டியைத் தள்ளுபடி செய்யுங்கள். அவர் ஒரு வருடம் திவாலாகாமல் இருப்பதுதான் இப்போது உங்களுக்கு லாபம், அதனால் அவரை நெருக்காதீர்கள்.

வேறொரு கடன் முந்திக்கொண்டிருந்தால் கதை வேறு. இரண்டாவது இடத்துக்காகவும் பதிவு செய்யுங்கள், ஆனால் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கு அவர் ரொக்கமாக முடிக்கிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். தங்கையிடம் அந்த மீதி 50,000-ஐப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.