கண்ணகி பேச்சில் பயனிலை எங்கே? சொல், தொடர், அணி பற்றிய கேள்வி பதில்

இலக்கியத்திலும் மேடைப் பேச்சிலும் சொல்லாட்சி, தொடரமைப்பு, அணி ஆகியவற்றை எப்படிப் படிப்பது என்பது குறித்து வந்த வினாக்களுக்கு இங்கே விடையளிக்கிறேன். செய்யுளைச் சீர்பிரித்து அலகிட்டு வாய்பாடு சொல்லக் கேட்டிருப்பவர்கள் யாப்பறிந்தவர்களை நாட வேண்டுகிறேன்.

கேள்வி: உவமைக்கும் உருவகத்துக்கும் என்ன வேறுபாடு?

பதில்: ‘தாமரை முகம்’ உவமை, ‘முகத்தாமரை’ உருவகம். முன்னதில் முகம் தாமரையைப் போன்றது. பின்னதில் முகமே தாமரை.

கேள்வி: செய்யுளில் சொற்கள் முன்பின்னாக நிற்பது ஓசைக்காக மட்டும்தானே? உரைநடையாக்கிப் படித்தால் பொருள் ஒன்றுதானே?

பதில்: செய்தி ஒன்றாக இருக்கலாம், கேட்பவருக்கு நேர்வது ஒன்றன்று. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று / நீரினும் ஆரள வின்றே சாரல் / கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு / பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.’ பெரிது, உயர்ந்தது, அளத்தற்கரியது என்று மூன்று பயனிலைகள் முதலிலேயே வந்துவிடுகின்றன. எது அப்படிப்பட்டது என்பதற்கான எழுவாய் ‘நட்பு’ கடைசிச் சொல்லாக நிற்கிறது. ‘அவனோடு எனக்குள்ள நட்பு நிலத்தைவிடப் பெரியது’ என்று உரைநடையில் மாற்றினால் வெறும் அளவுக் குறிப்பு மிஞ்சும். பாட்டிலோ, எதைப் பற்றிய பேச்சு என்று தெரியாமலே நாம் நிலம், வான், கடல் ஆகிய மூன்றையும் கடந்து, அங்கிருந்து ஒரு மலைச்சாரலுக்கும் கரிய காம்புடைய சிறு பூவுக்கும் இறங்கி, அந்தப் பூக்களிலிருந்து திரளும் தேனைக் கண்ட பிறகே நட்பை அடைகிறோம். சிறு பூக்களிலிருந்து பெருந்தேன் சேர்வதுபோல இந்த நட்பும் வளர்ந்தது என்று தலைவி வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே அது புரிகிறது. ஆகவே ஒரு வேண்டுகோள்: பயனிலையைக் கண்டுபிடித்த பிறகே அணியைத் தேடுங்கள்.

கேள்வி: தண்டியலங்காரம் எத்தனை பொருளணிகளைக் கூறுகிறது?

பதில்: 35.

கேள்வி: மேடைப் பேச்சின் அடுக்குமொழியை இலக்கிய நயமாகக் கொள்ளலாமா? அது வெறும் ஒலி விளையாட்டு என்கிறார் என் பேராசிரியர்.

பதில்: சில வேளைகளில் அப்படித்தான். ஆனால் அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்ற முழக்கத்தைப் பாருங்கள். மோனை எல்லாருக்கும் கேட்கும்; சொற்கள் 3, 5, 6 என எழுத்தெண்ணிக்கையில் நீண்டுகொண்டே போவதைப் பலர் கவனிப்பதில்லை. முழக்கம் மேலேறிச் செல்வதான உணர்வு அதனால் கிடைக்கிறது. வினையும் இல்லை, எழுவாயும் இல்லை; யாருடைய கடமை, யார்மீது கட்டுப்பாடு என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். தொண்டருக்கு அறிவுரையாகவும் எதிரிக்கு வாக்குறுதியாகவும் ஒரே முழக்கம் பயன்பட்டது இந்த வெற்றிடத்தால்தான். இங்கேயும் பயனிலையைத்தான் தேடச் சொல்கிறேன். இல்லாதபோது ஏன் இல்லை என்று கேளுங்கள்.

கேள்வி: சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், பாண்டியன் அவையில் கண்ணகி பேசுவது எனக்கு நம்பும்படியாக இல்லை. கணவனை இழந்து கொதித்து வந்தவள் ஊர்ப்பெருமை, குலப்பெருமை எல்லாம் சொல்லி 14 அடி பேசுவாளா? இளங்கோ தம் புலமையை அவள் வாயில் திணித்துவிட்டார் என்பேன்.

பதில்: கொதிப்பு இல்லை என்று யார் சொன்னது? ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்னும் முதல் தொடர் ஓரடியில் முடிந்துவிடுகிறது. ‘யாரையோ நீ’ என்று கேட்ட அரசனுக்கு, ஆராயாத மன்னனே என்பதுதான் முதல் விடை. அடுத்த ஆறடியும் ‘புகார் என் பதியே’ என்று முடியும் ஒரே தொடர். அதற்குள் புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட மகனையே தேர்க்காலில் இட்டவனும் வருகிறார்கள். சிபி என்றும் மனுநீதிச் சோழன் என்றும் அறியப்படும் இவர்கள் ஊர்ப்பெருமைக்காகவா வருகிறார்கள்? நீதி தவறினால் தன்னையே தண்டித்துக்கொள்வதே அரசு என்பதற்கு அவள் காட்டும் முன்தீர்ப்புகள் அவர்கள். ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க / ஆவின் கடைமணி உகுநீர்’ என்ற இடத்தில் அரண்மனை மணியும் பசுவின் கண்மணியும் ஒரே சொல்லால் இணைவதை நயம் என்று பாராட்டிவிட்டுப் போகாதீர்கள். அந்த மணியை ஒலிக்க வந்தவளாகவே இப்போது அவள் நிற்கிறாள்.

கேள்வி: (மேற்படி வாசகரே) வாதம் சரி. ஆனால் வழக்காட வந்தவள் ‘நீ கொன்றாய்’ என்று நேரே சொல்லியிருக்கலாமே?

பதில்: நல்ல கேள்வி, இதற்காகவே இந்தப் பகுதியை நீட்டுகிறேன். கடைசி ஏழடியை இலக்கணத்தோடு படியுங்கள். ‘ஆகி’, ‘வேண்டி’, ‘துரப்ப’, ‘புகுந்து’ என எச்சங்களாகவே, அதாவது முற்றுப்பெறாத வினைகளாகவே, நகர்ந்து, ‘நின்பால் கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி / கண்ணகி என்பதென் பெயரே’ என்று தொடர் முடிகிறது. கொலை ‘பட்ட’ என்ற பெயரெச்சத்துக்குள் ஒடுங்கிவிட்டது. பயனிலையோ ‘பெயர்’. ‘நீ கொன்றாய்’ என்றால் அரசன் இல்லை என்று மறுக்கலாம். ‘உன்னிடம் கொலைப்பட்டவனின் மனைவி நான்’ என்று ஒருத்தி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் எதை மறுப்பது? அவனால் மறுக்க முடியவில்லை என்பதைக் காப்பியமே காட்டுகிறது. கொலையை ஒப்புக்கொண்டு, ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ (கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது) என்று அதற்கு நியாயம் மட்டுமே சொல்கிறான்.

கேள்வி: ஐயா, உவமை, உருவகம் இரண்டையும் எளிதாக வேறுபடுத்துவது எப்படி?

பதில்: முதல் விடையைப் படிக்கவும்.

கேள்வி: ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்ற குறளில் வருவது உருவகமா?

பதில்: இல்லை, எடுத்துக்காட்டு உவமை; ‘போல’ என்ற உவம உருபு அங்கே மறைந்து நிற்கிறது. இனி அணிப்பெயர் மட்டும் கேட்கும் வினாக்களுக்கு விடை எழுதுவதாக இல்லை. பெயர் தெரிந்ததும் பாட்டை மூடிவைத்துவிடுகிறீர்கள்.

கேள்வி: தவற்றை உணர்ந்த பாண்டியன் சொல்லும் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்பதில் ஓகாரம் வினா என்கிறார் என் நண்பர், எதிர்மறை என்கிறேன் நான். யார் சரி?

பதில்: இரண்டுக்கும் தொல்காப்பியத்தில் இடம் உண்டு என்றாலும் இங்கே எதிர்மறையே பொருந்தும். அடுத்து வரும் ‘யானே’ என்பதன் ஏகாரம் தேற்றம், அதாவது உறுதிப்பொருள். நானல்லன் அரசன், நானே கள்வன் என்று உறுதியாகச் சொல்பவன் தன்னைப் பற்றி இன்னும் ஐயத்தோடு வினவிக்கொண்டிருக்க மாட்டான். சற்றுமுன் அவன் கோவலனுக்குச் சூட்டிய ‘கள்வன்’ என்ற பெயரே அவனிடம் திரும்பி வந்திருப்பதையும் நண்பருக்குச் சொல்லுங்கள்.

மேலே வினவிய வாசகருக்கும் இதிலேயே ஒரு விடை இருக்கிறது. கண்ணகியின் அந்த 14 அடிகளில் காலத்தை வெளிப்படையாகக் காட்டும் தெரிநிலை வினைமுற்று ஒன்றுகூட இல்லை. ‘உடையேன்’ என்பதும் காலத்தைக் குறிப்பாக மட்டும் உணர்த்தும் குறிப்பு வினைமுற்றே. அவள் வினைமுற்றாகச் சொல்லாமல் விட்ட குற்றத்தை, ‘தென்புலம் காவல் / என்முதல் பிழைத்தது’ என்று பாண்டியனே வினைமுற்றால் சொல்லி, ‘கெடுகஎன் ஆயுள்’ என்று வியங்கோளால் தண்டனையும் விதித்துக்கொள்கிறான்.