திருமோகூர்க் கதவும் வைக்கோல் பந்தமும்

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் ஒத்தக்கடைக்குப் பக்கம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இரவில் சத்தம் போட்டால் எங்கள் அப்பத்தா, "தண்டு இறங்கியிருக்கு, வாயை மூடு" என்று அடக்குவார். தண்டு என்றால் என்னவென்று அவருக்கே தெரியாது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இப்போது, திருமோகூர்க் கோயில் கதவை வெள்ளைக்காரப் பட்டாளம் எரித்தது உண்மையா என்று கேட்கிறான். ஊரில் விசாரித்தால் ஆளுக்கொரு கதை. சிலைகளை மீட்டது எங்கள் ஆட்கள், உங்கள் ஆட்கள் என்று பேச்சு சாதிக்குள் போய்விடுகிறது. அந்நியப் பட்டாளம் ஒன்று சில மாதங்கள் வந்து தங்கிப் போனதை இத்தனை காலம் கழித்து நினைவில் வைத்திருப்பதால் என்ன பயன்? மகனுக்கு என்ன சொல்லட்டும்?

— ஒத்தக்கடை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தண்டு என்றால் படை. படை வந்து முகாம் போடுவதைத் தண்டு இறங்குதல் என்பார்கள். அர்த்தம் மறந்த பிறகும் அந்தப் பயம் உங்கள் அப்பத்தாவின் வாயில் தங்கியிருந்திருக்கிறது. கடிதத்தில் அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

உங்கள் மகன் கேட்டது உண்மைதான். 1755ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆற்காட்டு நவாபுக்காக வரி வசூலிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தெற்கே இறங்கியது. தலைமை, கர்னல் ஹெரான். ஐந்நூறு ஐரோப்பியர், இரண்டாயிரம் சிப்பாய்கள். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கானின் ஆயிரம் குதிரைகள். மதுரை எதிர்ப்பில்லாமல் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே அதிகாரத்தில் இருந்த மியானா என்பவன் நகரத்தை விட்டு ஓடிக் கோவில்குடிக் கோயிலில் புகுந்தான். கோவில்குடி என்று கம்பெனிக் குறிப்புகள் சொல்வது திருமோகூரைத்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. நம்மாழ்வார் பாடிய காளமேகப் பெருமாளின் திருமோகூர்.

கோயில் கதவை உடைக்க முடியவில்லை. அதனால் வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து கதவோடு சேர்த்துக் கொளுத்தினார்கள். முதல் பந்தத்தைக் கர்னலே எடுத்துக்கொண்டு போனதாகக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். கதவு எரிந்ததும் சிப்பாய்களும் சோல்ஜர்களும் உள்ளே போய்ச் சூறையாடினார்கள். சாமி சிலைகள் சாமான்களோடு சாமான்களாக மூட்டை கட்டப்பட்டன. அவற்றுக்கு ஐயாயிரம் ரூபாய் விலை பேசியிருக்கிறார்கள்.

அந்த வைக்கோலிடம் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். அது கப்பலில் வந்ததில்லை. தை அறுவடை முடிந்து புதிதாகப் போர் போட்ட வைக்கோலாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம். படை வந்த காலம் அப்படித்தான் சொல்கிறது. களம் தூற்றி, குலுக்கையில் நெல்லை நிரப்பி, வைக்கோலை மாட்டுக்காக அடுக்கிவைத்த நேரம் பார்த்துத் தண்டு இறங்கியிருக்கிறது. படைகள் தற்செயலாக அந்த மாதங்களில் வருவதில்லை. கண்மாயும் ஆறும் வற்றிப் பாதை காய்ந்திருக்கும். ஊரில் தின்ன இருக்கும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு அரை கிலோ அரிசி என்று குறைத்து வைத்தாலும் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. இதில் ஆயிரம் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் சேரவில்லை. பீரங்கி இழுக்கும் மாடுகளும், படைக்குப் பின்னால் சமையலுக்கும் சுமைக்கும் வந்த கூட்டமும் சேரவில்லை. இதெல்லாம் எந்த ஊர்க் களஞ்சியத்திலிருந்து போயிருக்கும்? பங்குனி, சித்திரையில் ஊர்க் கிணற்றில் ஊறும் தண்ணீர் எத்தனை பேருக்குக் காணும்?

ஒரு பட்டாளம் ஊரை அழிக்க நெருப்பு வைக்கத் தேவையில்லை. பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தால் போதும். கோயில் எரிந்ததால் நம் ஊர் ஒரு வரியாகவாவது ஏட்டில் ஏறியது. தண்டு இறங்கி, நெல்லையும் ஆட்டையும் வண்டிமாட்டையும் கொடுத்துவிட்டு அடுத்த ஆடி வரை கஞ்சிக்கு அலைந்த ஊர்களுக்கு அந்த ஒரு வரியும் கிடையாது. நீங்கள் ஏன் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அவற்றை நினைவில் வைத்துக்கொள்ள நம்மை விட்டால் வேறு யாரும் இல்லை என்பதால்தான்.

பிறகு நடந்ததைத்தான் ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள். திருநெல்வேலிச் சீமை வரை போய்விட்டு, மதுரையையும் நெல்லையையும் ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு, படை நத்தம் வழியாகத் திருச்சிக்குத் திரும்பியது. 1755 மே 29. இன்று நத்தம் சாலையில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாலத்தின் மேலேயே போய்விடுகிறோம். அன்று நத்தத்தை ஒட்டி அடர்ந்த காடு, ஒடுங்கிய பாதை. பாரம் ஏற்றிய ஒரு வண்டி சேற்றில் புதைந்தது. மாடுகள் இழுத்துப் பார்த்தன, முடியவில்லை. முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருக்க, பின்னால் வந்தவர்கள் நின்றுவிட, படை நடுவில் அறுந்தது. அந்த இடைவெளியில்தான் கள்ளர்கள் நீண்ட ஈட்டிகளோடு காட்டிலிருந்து இறங்கினார்கள். மூட்டைகளைப் பிரித்தவர்கள் சிலைகளைக் கண்டதும் "சுவாமி, சுவாமி" என்று கத்தினார்களாம். இதையும் எழுதிவைத்திருப்பது அவர்களைக் கொள்ளையர் என்று எண்ணிய கம்பெனி ஆள்தான். அந்தக் கூச்சல் அவர் காதுக்கே விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டார்.

சிலைகளை மீட்டது யார் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதில் மறைக்கவும் ஒன்றுமில்லை, மார்தட்டவும் ஒன்றுமில்லை. கோயிலைச் சூறையாடிய கூட்டத்துக்கு ஏட்டில் 'படை' என்று பெயர். சாமியைத் திரும்பத் தூக்கிவந்தவர்களுக்குக் கொள்ளையர் என்று பெயர். அந்தப் பெயர் ஏட்டோடு நிற்கவில்லை. பின்னாளில், ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்து கைரேகை வாங்கிய குற்றப்பரம்பரைச் சட்டமாக மேற்கே பிறமலைக் கள்ளர் நாட்டுக்கு வந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். சிலையை மீட்ட பெருமையைப் பங்கு போடுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஹெரான் மேல் இராணுவ விசாரணை நடந்து பதவி போனது. அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

உங்கள் மகனிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. அந்தப் படையில் ஐந்து பேரில் நான்கு பேர் சிப்பாய்கள், இந்த நாட்டு ஆட்கள். கோயில் கதவுக்கு இரண்டாவது பந்தத்தைக் கொண்டுபோனவர் சிப்பாய்களின் தளபதி யூசுப்கான். இராமநாதபுரச் சீமையில் மருதநாயகமாகப் பிறந்தவர் என்று நாம் கொண்டாடும் அதே கான்சாகிப். பின்னால் அவர் மதுரையை ஆண்டார், கண்மாய்களைப் பார்த்துக்கொண்டார், கம்பெனியையே எதிர்த்து நின்றார். 1763, 64ஆம் ஆண்டுகளில் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட பெரும்படை மறுபடியும் இதே ஊர்களில்தான் தண்டு இறங்கியது. 1764 அக்டோபர் 15 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. நான் அங்கே போய் நின்று கும்பிட்டிருக்கிறேன், இனியும் கும்பிடுவேன். ஆனாலும் அந்த இரண்டாவது பந்தம் என் மனத்தை விட்டுப் போவதில்லை. உங்கள் மகனுக்குக் கான்சாகிபின் வீரத்தைச் சொல்லும்போது இதை மறைக்காதீர்கள். சம்பளம் கொடுத்தது யார் என்பதைப் பொறுத்து, பக்கத்து ஊர்க்காரனே நமக்கு அந்நியப் பட்டாளம் ஆகிவிடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்குத் திருவாதவூர் தூரமில்லை. அங்கே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை நம் இந்திய இராணுவம் அவர்களுடைய ஊர்களில் இருந்தது. மதுரை மாவட்டத்து முகாம் ஒன்றில் ஓர் அம்மாவிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். சண்டையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதுங்குகுழிக்குக் குற்றி, அதாவது மரத்துண்டு, வேண்டுமென்று இராணுவம் தன் வீட்டு வளவில் வெட்டிய பனைகளை எண்ணினார். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். பதினொன்று. ஒவ்வொரு மரமும் எங்கே நின்றது, எது அதிகமாக நுங்கு காய்த்தது என்று சொன்னார். முதல் நாள் அந்தச் சிப்பாய்களுக்கு மாலை போட்டதையும் அவரே சொன்னார். அவர்களில் எத்தனை பேர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ தேனிப் பக்கத்திலிருந்தோ போனவர்களோ என்று எனக்குள் ஓடியது. அவரிடம் கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் வைக்கோலும் பனங்குற்றியும்தான் மாறி மாறி வந்தன.

மகனைத் திருமோகூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சக்கரத்தாழ்வாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இன்று நிற்பது அந்தக் கதவில்லை. ஆனால் இந்த வழியாகத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், உங்கள் அப்பத்தா வேறு என்னவெல்லாம் சொல்லிப் பயமுறுத்துவார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர் சொன்னபடியே, ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். தண்டு இறங்கினால் நெல்லை எங்கே புதைப்பது, மாட்டை எந்த மலைக்கு ஓட்டுவது என்பது போல ஏதாவது ஒரு வரி மிஞ்சியிருந்தாலும் போதும். காத்திருக்கிறேன்.

அன்புடன்.