பர்ப்பிள் பொட்டாசியம் என்றால் என்ன குற்றம்?

கேள்வி: பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய இணையப் பக்கங்களை யூனிகோடில் மாற்றிக் காட்டும் குரோம் எக்ஸ்டென்ஷன் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே எக்ஸ்டென்ஷன் போட்ட நண்பர்கள் ‘பர்ப்பிள் பொட்டாசியம் வரும், பார்த்துக்கோ’ என்று பயமுறுத்துகிறார்கள். அது என்ன, ஏதாவது வைரஸா?
(வாசகர், திருச்சி)

வைரஸ் இல்லை, கூகுள் வைத்திருக்கும் குறியீடு. குரோம் வெப் ஸ்டோர் ஒரு எக்ஸ்டென்ஷனை நிராகரிக்கும்போது அனுப்பும் மெயிலில் ஒரு நிறமும் ஒரு தனிமமும் சேர்ந்த பெயர் இருக்கும். பர்ப்பிள் பொட்டாசியம் என்றால் தேவைக்கு மேல் அனுமதி கேட்டிருக்கிறீர்கள். ரெட் டைட்டானியம் என்றால் நிரலை, அதாவது கோடை (code), யாரும் படிக்க முடியாதபடி குழப்பி வைத்திருக்கிறீர்கள். ப்ளூ ஆர்கான் என்றால் வெளி சர்வரிலிருந்து கோடை இறக்கி ஓட்டுகிறீர்கள், குரோம் எக்ஸ்டென்ஷன்களுக்கான இப்போதைய விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3-இல் அதற்கு இடமில்லை. இந்தப் பெயர்களை யார் எந்த மூடில் வைத்தார்களோ! ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று கூகுளின் டெவலப்பர் பக்கத்தில் விளக்கம் இருக்கிறது, மெயிலைப் பார்த்துப் பதறுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். பொட்டாசியத்தில் அதிகம் பேர் மாட்டுவது ‘டேப்ஸ்’ அனுமதியில். புது டேப் திறக்கவோ மூடவோ ரீலோட் செய்யவோ இந்த அனுமதி தேவையே இல்லை. டேபின் முகவரி, தலைப்பு, ஐகான் இந்த மூன்றையும் படிக்கத்தான் அது. எங்கிருந்தோ காப்பியடித்த மேனிஃபெஸ்டில் (எக்ஸ்டென்ஷனின் பெயர், அனுமதிகளையெல்லாம் சொல்லும் கோப்பு) அந்த ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், கோடில் அதற்கு வேலையே இருக்காது, நிராகரிப்பு வந்துவிடும்.

அடுத்தது எல்லாத் தளங்களுக்குமான அனுமதி. உங்கள் எக்ஸ்டென்ஷன் பக்கம் திறந்ததும் தானாகவே மாற்ற வேண்டுமா, அல்லது வாசகர் பட்டனை அழுத்தினால் மாற்றினால் போதுமா? பட்டன் போதும் என்றால் ‘ஆக்டிவ்டேப்’ (அழுத்தும்போது திறந்திருக்கும் டேபை மட்டும் தொட), ‘ஸ்கிரிப்டிங்’ (பக்கத்தில் கோடை ஓட்ட) என்ற இரண்டு அனுமதிகளே போதும். நிறுவும்போது “எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கும், மாற்றும்” என்ற மிரட்டல் வாசகமும் வராது, ரிவ்யூவும் லேசாகும். தானாக மாற்றுவது வேண்டும் என்று சிலர் கேட்பார்கள்தான், அவர்களுக்கு மட்டும் அதை விருப்ப அனுமதியாக வைத்து, கேட்கும்போது தரச் செய்யுங்கள். முதலில் கொஞ்சமாகக் கேட்டுவிட்டு அப்புறம் அப்டேட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: எச்சரிக்கை தரும் புது அனுமதியைக் கட்டாயமாகச் சேர்த்தால், பயன்படுத்துபவர் மறுபடி ஒப்புக்கொள்ளும்வரை குரோம் எக்ஸ்டென்ஷனை அணைத்து வைத்துவிடும். பாதிப் பேர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

கேள்வி: எல்லோ மெக்னீசியம் பற்றியும் சொல்லுங்கள். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் டெவலப்பர் எதைத் திருத்துவார்?
(வாசகர், நாகர்கோவில்)

எனக்கும் அதிகம் கோபம் வருவது இந்த ஒன்றில்தான். விவரத்தில் சொன்ன வேலையை எக்ஸ்டென்ஷன் செய்யவில்லை என்று பொருள். எந்தப் பக்கத்தில், எந்தப் பட்டனில், என்ன பிழை வந்தது, அது பெரும்பாலும் தெரியாது. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, அவர்களிடம் ஓடவில்லை, அவ்வளவுதான் செய்தி.

ஆனாலும் சில வழக்கமான காரணங்கள் உண்டு. முதலாவது கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. மேனிஃபெஸ்டில் சின்ன எழுத்தில் எழுதிவிட்டு, கோப்புக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, வேறு சிஸ்டத்தில் கோப்பே இல்லை என்று ஆகிவிடும். இரண்டாவது ஜிப்பில் ஏதாவது விட்டுப்போவது. ஃபோல்டரிலிருந்து ஏற்றிப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று நம்பாமல், ஸ்டோருக்கு அனுப்பப் போகும் அதே ஜிப்பை வேறு ஒரு கம்ப்யூட்டரில் பிரித்து, புது ப்ரொஃபைலில் ஏற்றிப் பாருங்கள். மூன்றாவது லாகின். உள்ளே போக கணக்கு வேண்டும் என்றால் ரிவ்யூ செய்பவர் வாசலிலேயே நின்றுவிடுவார். எக்ஸ்டென்ஷனை ஏற்றும் டெவலப்பர் டாஷ்போர்டில் சோதனைக் குறிப்புகளுக்கென்றே ஓர் இடம் இருக்கிறது, சோதனைக் கணக்கையும் செய்ய வேண்டியதையும் அங்கே எழுதுங்கள். பாமினி எக்ஸ்டென்ஷன் மாதிரி ஒன்றென்றால் இது இன்னும் அவசியம். தமிழ் தெரியாத ஒருவர் ஆங்கிலப் பக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும், அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எப்படித் தெரியும் என்று ஸ்கிரீன்ஷாட்டோடு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சின்ன டெவலப்பர்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டமா? பெரிய ஆட்களுக்குத் தனி வழி இருக்குமே?
(வாசகர், சேலம்)

பெயர் பெற்ற எக்ஸ்டென்ஷன்களும் தப்பவில்லை. விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினின் சோதனைப் பதிப்பு ஒன்றை 2019 அக்டோபரில் குரோம் ஸ்டோர் நிராகரித்தது. ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு ஒரே நோக்கம்தான் இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டினார்கள். பல வருடமாக அதே வேலையைச் செய்துவரும் எக்ஸ்டென்ஷனுக்குத் திடீரென்று எப்படிப் பல நோக்கம் வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

கூகுளை மட்டும் திட்டிப் பயனில்லை. யூபிளாக் ஆரிஜினை எழுதிய ரேமண்ட் ஹில்லின் இன்னொரு எக்ஸ்டென்ஷனான யூபிளாக் ஆரிஜின் லைட்டை 2024 செப்டம்பரில் ஃபயர்பாக்ஸைத் தரும் மோசில்லா பிடித்தது. அனுமதியில்லாமல் தரவு சேகரிக்கிறது, கோடு சுருக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். இரண்டும் இல்லை என்பது கோடைத் திறந்து பார்க்கும் யாருக்கும் தெரியும். மோசில்லா பிறகு தவறு என்று மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஹில் திரும்பவில்லை, ஃபயர்பாக்ஸ் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டுத் தானே வெளியே வைத்துக்கொண்டார். கோடு முழுக்கத் திறந்து கிடக்கும், உலகமே கவனிக்கும் எக்ஸ்டென்ஷனுக்கே இந்த நிலைமை. அவருக்காகப் பேச ஊரே திரண்டது என்பதுதான் வித்தியாசம், உங்களுக்கும் எனக்கும் யார் வருவார்கள்?

கேள்வி: எந்த வரியில் தவறு என்று சொல்லிவிட்டால் திருத்திவிட்டுப் போகிறார்கள். ஏன் மறைக்கிறார்கள்?
(வாசகர், மதுரை)

அவர்கள் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வரியில் பிடிபட்டோம் என்று தெரிந்தால் திருடனும் அந்த வரியை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி வருவான். கற்பனை இல்லை. கிரேட் சஸ்பெண்டர் என்று 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய எக்ஸ்டென்ஷன் 2020-இல் கைமாறியது, புது உரிமையாளர் கையில் அது கெட்டது, 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. ஒருவர் நம்பிக்கையோடு நிறுவியது, இன்னொருவர் கையில் தானாகவே அப்டேட் ஆகிறது. இதைத் தடுக்க ரிவ்யூ வேண்டும், கடுமையாகவும் வேண்டும்.

சரி, அதனால் ‘டேப்ஸ் அனுமதி தேவையில்லை’ என்பதையும் ‘இந்தப் பட்டன் வேலை செய்யவில்லை’ என்பதையும் ரகசியமாக வைக்க வேண்டுமா? தீம்பொருளைக் கண்டுபிடிக்கும் வழியை மறைத்துக்கொள்ளட்டும், நான் குறை சொல்ல மாட்டேன். உடைந்த பட்டனை மறைப்பதில் எந்தத் திருடனைப் பிடிக்கிறார்கள்? லட்சக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களைக் கொஞ்சம் ஆட்களும் நிறைய இயந்திரமும் வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொருவருக்கும் தனியாக விளக்கம் எழுதினால் செலவாகும். அந்தச் செலவை டெவலப்பர் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கணிப்பு. ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுதாக நடைமுறைக்கு வந்திருக்கிறது, ஒன்றை நீக்கினால் தெளிவான காரணம் கொடு என்கிறது அது. நம்மூரில் அப்படி ஒன்று வந்தால் நல்லதுதான்.

கேள்வி: ‘விதிமீறல், உங்கள் எக்ஸ்டென்ஷன் நீக்கப்படும்’ என்று ஸ்டோர் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. கீழே ஒரு பட்டன். அழுத்தலாமா?
(வாசகர், சென்னை)

அழுத்தாதீர்கள்! 2024 டிசம்பர் 24 அன்று சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்திலேயே ஒருவர் இதே மாதிரி மெயிலை நம்பினார். பட்டன் போலிப் பக்கத்துக்குக்கூடப் போகவில்லை, கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கத்துக்கே போனது. அங்கே ‘பிரைவசி பாலிசி எக்ஸ்டென்ஷன்’ என்ற பெயரில் ஒரு ஆப் அனுமதி கேட்டது, அவர் கொடுத்தார், கணக்கில் பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு என்ற இரட்டைப் பூட்டு இருந்தும் பயனில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனில் குக்கீ (லாகினை நினைவில் வைக்கும் தகவல்) திருடும் பதிப்பு ஏறிவிட்டது. அந்தச் சமயத்தில் வேறு பல எக்ஸ்டென்ஷன்களும் இப்படி விழுந்தன.

பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவர் ஏன் ஏமாந்தார்? காரணம் சொல்லாமல் நீக்கும் வழக்கம் இருக்கும்போது, காரணம் சொல்லாத மெயில் பார்த்தவுடனே உண்மை மாதிரிதான் தெரியும். மெயிலில் இருக்கும் எதையும் தொடாமல், முகவரியை நீங்களே டைப் செய்து டாஷ்போர்டுக்குப் போங்கள். உண்மையான விதிமீறல் என்றால் அங்கேயும் தெரியும். ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் கூகுள் கணக்கில் வெளி ஆப்களுக்குக் கொடுத்த அனுமதிகளைப் பார்த்து, தெரியாததை இப்போதே நீக்குங்கள்.

கேள்வி: பேசாமல் ஃபயர்பாக்ஸுக்கோ எட்ஜுக்கோ போய்விடலாமா? பணம் எவ்வளவு ஆகும்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

குரோமில் 5 டாலர், ஒரே ஒரு முறை. எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் இலவசம். சஃபாரி என்றால் ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஃபயர்பாக்ஸில் ஒரு வசதி: மோசில்லாவிடம் டிஜிட்டல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு எக்ஸ்டென்ஷனை உங்கள் தளத்திலேயே தரலாம், ஹில் செய்தது அதுதான். குரோமில் சாதாரணப் பயனாளருக்கு அப்படித் தர வழியில்லை. கூட்டம் குரோமில்தான் இருக்கிறது, அதனால் குரோமை விட வேண்டாம், மற்ற இரண்டிலும் சேர்த்துப் போடுங்கள், எட்ஜுக்குப் பெரும்பாலும் அதே ஜிப் போதும். கூடவே எக்ஸ்டென்ஷனுக்கு என்று ஒரு சின்னத் தளமோ டெலிகிராம் சேனலோ வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டோர் பக்கம் ஒருநாள் காணாமல் போனால் பயன்படுத்துபவர்களுக்குச் செய்தி சொல்ல வேறு வழி இருக்காது.