கப்பல் காலை 8 முதல் மாலை 5 வரை தூத்துக்குடியில் நின்றால், நெல்லையைச் சுற்ற எவ்வளவு நேரம் கிடைக்கும்?

ஒன்பது மணி நேரம் இல்லை, ஏறத்தாழ நாலுதான். 8 முதல் 5 என்பது கப்பல் நிற்கும் நேரம். உங்கள் கையில் இருப்பது கரை நேரம், அதாவது இறங்கியதிலிருந்து திரும்பி ஏறவேண்டிய கெடு வரை.

கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் 9 முதல் 10.30 என்றிருக்கும். 10.30-க்குப் போய் நின்றால் தாலி கட்டி முடிந்து இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். அதே கதைதான்.

சோதனை முடிந்து வெளியே வர 9 ஆகும். நெல்லை சுமார் 50 கி.மீ., ஒரு மணி நேரத்துக்கு மேல். ஏறும் கெடு பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே. நெல்லையை 2 மணிக்கு விட்டுவிட்டால் நிம்மதி.

இதைவிட முக்கியம் நடை சாத்தும் நேரம். நெல்லையப்பர் கோயில் மதியம் சாத்தினால் மாலை 4 வாக்கில்தான் திறக்கும். அதனால் நேரே கோயில் இருக்கும் டவுன் பகுதிக்குப் போய்விடுங்கள். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தூண்கள் கொத்துக் கொத்தாக நிற்கும். தட்டினால் சுரம் பிறக்கும் தூண்கள். பிறகு அதே கோயிலில் நடராஜரின் தாமிர சபை. கிருஷ்ணாபுரம் சிற்பங்களையும் அன்றே பார்க்க ஆசைப்படாதீர்கள், இரண்டும் அரைகுறையாகிவிடும். பேர்பெற்ற இருட்டுக்கடை அல்வாக் கடை மாலையில்தான் திறக்கும். அல்வாவுக்கு வேறு கடைதான்.

‘டிக்கெட் வாங்கியிருக்கிறோம், கப்பல் காத்திருக்கும்’ என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக அது கப்பல்காரர்களே கூட்டிப்போகும் சுற்றுலாவுக்குத்தான், தனியாகக் கார் பிடித்துப் போனவருக்கு இல்லை.