இலையில் பழுப்பு ஓரம்

கேள்வி: பிசான நெல்லில் இலைப்புள்ளிகளைச் சுற்றிப் பழுப்பு ஓரம் கட்டியிருக்கிறது. அது பயிரே சுரக்கும் மருந்து என்கிறார்கள். செடிக்கு இந்த வித்தை எப்படி வந்தது? நாம் அதைக் கூட்ட முடியுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மெய்தான். குலைநோய்ப் பூசணம் நுழைந்த இடத்தில் செல்கள் தாமே மடிந்து, பீனால் சேர்மங்களால் அதைச் சுற்றி வளைக்கின்றன. பழுப்பு அதன் தடம். இலையைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவு பழுப்புப் பொட்டோடு நின்றிருந்தால் பயிர் தடுத்துவிட்டது. நடுவில் சாம்பல் பூத்து, இரு முனையும் கூர்ந்து கண்போல நீண்டால் பூசணம் முந்திவிட்டது.

வித்தை மிகப் பழையது. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் தரையேறிய செடிகளை வறட்சியும் புற ஊதாக் கதிரும் பூசணமும் ஒருசேர நெருக்கின. ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அவை கட்டிய சேர்மங்களே வெயிலுக்குத் திரையாயின, நோய்க்கு மருந்தாயின, பின்னாளில் தண்டை நிமிர்த்தும் லிக்னினும் ஆயின. ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பூசணம் புகுந்த பகுதியைத் தடித்த செல்சுவர் கட்டி ஒதுக்கிய செடியும் அவற்றில் உண்டு. பாபநாசம் மலையின் ஈரப்பாறைகளில் பச்சைத்தோல் போல ஒட்டிக்கிடக்கும் செடிகளின் உறவான மார்கான்ஷியாவும், நோய் தாக்கினால் இன்றும் இதே சேர்மங்களைத்தான் முடுக்குகிறது. நெல் தன் பங்குக்கு மொமிலாக்டோன் என்ற பூசண எதிர்ப்புச் சேர்மத்தையும் சேர்த்துக்கொண்டது. முதலில் உமியில் கண்டெடுத்ததால் ஜப்பானிய மொழியில் உமியைக் குறிக்கும் சொல்லே பெயரானது.

இனி வயலுக்கு வருவோம். இந்தத் தற்காப்பை அதிகம் கெடுப்பது யூரியாதான். தழைச்சத்து மிஞ்சினால் இலை கரும்பச்சையாகித் தளதளக்கும். பீனாலும் இலையை விறைப்பாக்கும் சிலிக்காவும் குறையும், பூசணத்துக்கு வழி லேசாகும். மேலுரத்தை 3, 4 தவணையாகப் பிரித்துப் போடுங்கள். மார்கழிப் பனியில் இலை விடிந்தும் வெகுநேரம் ஈரம் காயாமல் இருந்து, புள்ளியும் தெரிந்தால் அடுத்த தவணையைத் தள்ளிப்போடுங்கள்.

கூட்டவும் வழியுண்டு. 1 கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் பொடி, 1 லிட்டர் தண்ணீர். இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதையுங்கள். வேரோடு ஒட்டி வளரும் இந்த பாக்டீரியா பயிரை முன்கூட்டியே உஷார்ப்படுத்தும். உயிருள்ள பொருள் என்பதால் பூசணக்கொல்லியோடு கலக்கக் கூடாது.

ஆனால் இதெல்லாம் நோய்க்கு முன் செய்வது. கதிர்க் கழுத்தில் புள்ளி விழுந்தால் மணி பதராகும். அப்போது பயிரின் சொந்த மருந்து எட்டாது. இலையில் கண் புள்ளி பெருகினால், கதிர் வெளிவருமுன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டி மருந்து தெளியுங்கள்.